மலையில் இறங்கினால் நாலு மடங்கு

எங்களிடம் ஓர் ஆகாய விமானம் இருந்தது. இதைச் சொன்னால் இந்தத் தெருவில் யாரும் நம்புவதில்லை. குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுகிற கிழவிக்கு விமானமா என்று வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கு ஒரு மகளும் இருந்தாள். அவளைக் காப்பாற்ற அந்த விமானம் வந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் என் மாமனார் வாங்கிப்போட்ட காப்பித் தோட்டமும் மிளகுக் கொடிகளும் இருந்தன. மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து காட்டுப் பாதையில் அரைநாள் ஏறவேண்டும். மூட்டைகள் தலைச்சுமையாக வரும். நடக்க முடியாதவர்கள் டோலியில் வருவார்கள். மூங்கில் கழியில் தொங்கும் ஒரு கயிற்றுத் தொட்டில், தூக்க நாலு ஆள், அவ்வளவுதான் டோலி. புதுப்பெண்ணாக நான் மலையேறியதும் அதில்தான். அன்று என்னைச் சுமந்தவர்களுக்குத் தலைவராக இருந்த டோலிக்காரர் மலையிலேயே பிறந்தவர், சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறவர். 'அம்மிணி பூவாட்டம் இருக்கறீங்க, இன்னும் ரெண்டு பேரு ஏறிக்கலாமுங்க' என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தார். அந்த மலையில் எனக்கு முதலில் பழக்கமானவர் அவர்தான்.

என் கணவருக்கு விமானப் பைத்தியம் பிடித்தது சேலத்தில். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மேலே ஏற்றிச் சுற்றிக் காட்டும் விமானம் ஒன்று அங்கே வந்திருந்தது. மிளகு விற்கப் போனவர் விற்ற காசில் அதில் ஏறிவிட்டு வந்தார். வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிறகு சென்னைக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் வாங்கிய கையோடு, சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடமிருந்து இரண்டு பேர் உட்காரும் பழைய விமானத்தை விலைக்கு வாங்கினார். பணம் நாமக்கல்லில் கடன். அடமானம் எங்கள் தோட்டம். நான் அந்த விமானத்துக்கு 'இளையாள்' என்று பெயர் வைத்தேன். 'இளையாள் சௌக்கியமா? எண்ணெய் குடித்தாளா?' என்று கேட்பேன். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார், அது வேறு எனக்கு ஆத்திரம்.

மலையிலேயே அதை இறக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் தோட்டத்துக்கு மேலே நீளமாக ஒரு புல்மேடு இருந்தது. டோலிக்காரர் ஊர் ஆட்களைக் கூட்டிவந்து கல் பொறுக்கி, புதர் வெட்டி, அதைச் சமப்படுத்திக் கொடுத்தார். முதல் தடவை விமானம் வந்து இறங்கியபோது மலையே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. தரையைத் தொட்டதும் அது குதித்தது. மறுபடி தொட்டு மறுபடி குதித்தது. கடைசியில் நின்றபோது வால்பக்கத்து இரும்பு முறிந்து கிடந்தது. என் மகள் கைதட்டிச் சிரித்தாள். டோலிக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.

"கல்லாட்டம் இருக்குதுங்க எசமான். இதுல உழுந்தா எதுதான் ஒடையாது?"

"வால் உடைந்தால் பரவாயில்லை. அடுத்த தடவை பூப்போல இறக்குகிறேன் பார்" என்றார் என் கணவர்.

வால் உடைந்த சேதி நாமக்கல்லுக்கு எப்படித்தான் எட்டியதோ, கடன் கொடுத்தவர் ஆள் அனுப்பிவிட்டார். விமானத்தை இன்ஷூர் செய்யவேண்டும், இல்லையென்றால் தோட்டத்தை எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார். அப்படித்தான் சென்னையிலிருந்து அந்த ஏஜெண்டு வந்து சேர்ந்தார்.

கோட்டு, தொப்பி, நல்ல தாட்டியான உடம்பு. டோலியில் வந்தார். தூக்கி வந்த ஆட்கள் முற்றத்தில் இறக்கிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் படுத்துவிட்டார்கள். 'நாலாளு கூலியில எட்டாளு பாரமுங்க அம்மிணி' என்று டோலிக்காரர் என் காதில் சொன்னார். ஏஜெண்டு நல்ல மனிதர். என் மகளுக்குச் சென்னை மிட்டாய் கொண்டு வந்திருந்தார். அது பலாக் காலம். மரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் பழத்தைக் கயிறு கட்டி இறக்க, கீழே மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குச் சாமை வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கயிறு நழுவி ஒரு பழம் தொப்பென்று விழுந்தது. ஒரு கீறல் இல்லை. ஏஜெண்டு ஆச்சரியப்பட்டு அந்தப் பழத்தையே அறுக்கச் சொன்னார். முக்கால்வாசியை அவரே தின்றார்.

தின்று முடித்துவிட்டு விலை சொன்னார். விமானம் கொட்டகையில் நிற்க ஒரு விலை. சர்க்கார் அனுமதித்த மைதானத்திலிருந்து பறந்து அதிலேயே இறங்க இன்னொரு விலை, அது முன்னதைவிடப் பெரியது. ஓட்டுகிறவர் புதியவர் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதல். பழைய விமானம் என்பதற்காக இன்னும் கொஞ்சம். இதைக் கேட்கும்போதே எனக்குத் தலை சுற்றியது, எங்கள் காப்பி முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும்.

"இந்த மலையில் இறங்குவதற்கு?" என்று என் கணவர் கேட்டார்.

ஏஜெண்டு மேட்டை நடந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாலு மடங்கு. அதற்கும் கம்பெனி ஒத்துக்கொண்டால்தான். அதைக் கட்டாமல் இங்கே இறங்கினால், உடைந்தாலும் சல்லிக்காசு வராது, சார். நான் மறைத்துப் பேச விரும்பவில்லை."

நாலு மடங்கு கட்டுவதென்றால் காப்பி, மிளகு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நாங்கள் சாமைக் கஞ்சி குடிக்கவேண்டும். காப்பி விலை வேறு அந்த வருஷங்களில் சரிந்துகொண்டே போயிற்று. இப்போதைக்கு மைதானத்துக்கு மட்டும் கட்டுவோம், அடுத்த மிளகு வந்ததும் மலைக்கும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று என் கணவர் என்னைச் சமாதானப்படுத்தினார். உண்மையில் சமாதானம் தேவைப்பட்டது அவருக்கு.

ஏஜெண்டை இறக்கிவிட்டு வந்த டோலிக்காரர் என்னிடம் விவரம் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்.

"கம்பெனிக்கு வருஷா வருஷம் நாம பணம் கட்டோணும். ஏரோப்ளேன் ஒடைஞ்சா அவங்க திருப்பிக் குடுப்பாங்க."

"ஒடையலீன்னா?"

"நம்ம பணம் போச்சு."

"இதென்னங்க அநியாயம்! செரி, மலைமேல எறங்கி ஒடைஞ்சா?"

"ஒண்ணும் வராதுங்க. தோட்டமே போயிரும்."

"அப்ப ஒடையாம எறக்கோணும். அதுதானுங்களே வேணும்?" என்றார். ஆமாம் என்றேன். நியாயமான பேச்சாகத்தான் அப்போது பட்டது.

அன்றிலிருந்து இளையாள் காரவள்ளிக்கு அப்பால் ஒரு பொட்டலில், அனுமதி வாங்கிய மைதானத்தில், தகரக் கொட்டகைக்குள் இருந்தாள். பறப்பதற்காக அரைநாள் நடந்து இறங்குகிற மனிதர் உலகத்திலேயே என் கணவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். பறக்கும்போது மலைக்கு மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றுவார். மேலே சுற்றக் கம்பெனி தடை சொல்லவில்லை, இறங்கத்தான் கூடாது. சத்தம் கேட்டதும் என் மகள் முற்றத்துக்கு ஓடிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டுவாள். அவரும் இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

"அம்மா, அப்பா ஏன் எறங்க மாட்டேங்கறாங்க?"

"இங்க எறங்குனா காசு ஜாஸ்தி கண்ணு."

அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டாள். விளையாடும்போது ஓலையில் செய்த விமானத்தைத் தலைக்குமேல் சுற்றுவாள். தரையில் வைக்கமாட்டாள். வைத்தால் காசு கேட்பார்களாம். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்த ஓலை விமானம் கனவில் வந்தாலும் பதறி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அறுவடை முடிந்த சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கஷாயம் கொடுத்தேன். பிறகு குரல் மாறியது. தொண்டைக்குள் வெள்ளையாகப் படர்ந்து, மூச்சு விசில் மாதிரி வர ஆரம்பித்தது. என் கணவர் காப்பி மூட்டைகளை வண்டியேற்றக் காரவள்ளிக்குப் போயிருந்தார். விடியும்போது டோலிக்காரர் வந்து அவளைப் பார்த்தார். எத்தனையோ நோயாளிகளைச் சுமந்தவர், பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"படுக்க வெச்சா மூச்சு நின்னுருமுங்க. டோலியில கொண்டு போவக் கூடாது. எசமானை ஏரோப்ளேன்ல வரச் சொல்லுங்க, அம்மிணி."

"எறங்கக் கூடாதுங்களே."

"புள்ளைக்கு மேலீங்களா அதெல்லாம்?"

அவருடைய தம்பி காரவள்ளிக்கு ஓடினார். மேட்டில் மாடு மேயாமல், கல் கிடக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய் மகளை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். 'எல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க' என்று டோலிக்காரர் வாசலிலிருந்து சொன்னார். வெளியே ஆட்கள் ஓடுவதும், ஒருவரையொருவர் கூப்பிடுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்காக, என் பிள்ளைக்காக ஊரே ஓடுகிறது என்று நினைத்து அழுதேன்.

"அப்பா வந்து உன்னெய ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போவாங்க, சாமி."

அவள் கண்ணைத் திறந்தாள். "காசு?" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடவேண்டியிருந்தது.

"இன்னிக்குக் காசு வேண்டாமாம் கண்ணு."

உச்சிப்பொழுதுக்கு முன் சத்தம் கேட்டது. அவள் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது. கையை ஆட்டத் தூக்கினாள், பாதிக்கு மேல் முடியவில்லை. சத்தம் சுற்றிவந்து தாழ்ந்தது. ஜனங்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவைக்கு நடுவில் மரம் முறிவதுபோல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை.

"எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க கண்ணு."

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக்கிடந்தது. விமானம் மூக்குக் குத்திக் கவிழ்ந்துவிட்டது, முன்னால் சுழலும் விசிறி தூள்தூள் என்றார்கள். அவர் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "தூக்கிட்டு ஓடுங்க, தூக்கிட்டு ஓடுங்க" என்று கத்தினார். டோலிக்காரர் டோலியைத் தேடவில்லை. குழந்தையைத் தோளில் நிமிர்த்திச் சார்த்திக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். அந்த வயதில் அந்த மனிதர் அப்படி ஓடுவார் என்று யாரும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். காரவள்ளிக் கூரைகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவர் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்தார். எதற்கு நடக்கிறீர்கள், ஓடுங்கள் என்று நான் அவர் முதுகில் அடித்தேன். அவர் திரும்பவே இல்லை. பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டிருந்தபோதுதான் என் கணவர் நடந்ததைச் சொன்னார். மேட்டில் அவர் நல்லபடியாகத்தான் இறக்கியிருக்கிறார். மேலிருந்து பார்க்கத் தரை எப்போதும்போல் காய்ந்த புல் நிறத்தில்தான் தெரிந்ததாம். சக்கரம் தொட்டதும் உள்ளே புதைந்திருக்கிறது. கவிழ்ந்து கிடந்தபோது கையில் பிடிபட்டது வைக்கோல். அதற்கடியில் மண் பொலபொலவென்று கொத்திக் கிடந்தது. விடிந்ததிலிருந்து ஆணும் பெண்ணுமாக மேடு முழுவதையும் கொத்தி, வீட்டுக்கு வீடு மாட்டுக்கு வைத்திருந்த சாமை வைக்கோலை எல்லாம் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். உடைந்தால் கம்பெனி பணம் தராது, எசமானுக்குத் தோட்டம் போய்விடும், பிள்ளையையும் கொண்டுபோக முடியாது. பலாப்பழம் இறங்குகிறமாதிரி அவர் இறங்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

கேட்டதும் எனக்கு வந்தது கோபம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மலையே பற்றி எரியட்டும் என்று சபித்தேன். கெட்டியான தரை கெட்டியாகவே கிடந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருப்பாளே! அவர் என் வாயைக் கையால் பொத்தினார். "அவர்களுக்குத் தெரியவேண்டாம். எந்தக் காலத்திலும் தெரியவேண்டாம்" என்றார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன். ஒத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

நாங்கள் மலைவீட்டுக்குத் திரும்பியதும் ஏஜெண்டு மறுபடி வந்தார். என் மகளுக்காக உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"மலையில் இறங்கியதற்குக் கம்பெனி தராது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் பிறர் வேண்டுமென்றே செய்த நாசத்துக்குத் தரும், அது எந்த இடமானாலும் சரி. தரையை யாரோ கொத்திக் கெடுத்திருக்கிறார்கள். பகையால் செய்தார்கள் என்று போலீஸில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டமாவது மிஞ்சும்."

என் கணவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் கொத்தச் சொன்னேன், சாமை விதைக்கலாம் என்று" என்றார்.

"சார், யோசித்துச் சொல்லுங்கள்."

"காற்று இழுத்துவிட்டது. என் தப்பு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்."

ஏஜெண்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் தோட்டம் தங்கியிருக்கும். மலை ஆட்கள் கைவிலங்கோடு காரவள்ளி வழியாக நடந்திருப்பார்கள், முதலில் டோலிக்காரர். வாசலில் அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது, ஏஜெண்டைத் திரும்ப இறக்கிவிடக் காத்திருந்தார். நான் உள்ளே எழுந்து போய்விட்டேன்.

தோட்டம் நாமக்கல்காரருக்குப் போயிற்று. நாங்கள் மலையைவிட்டு இறங்கிய அன்று, இனி மலையிலிருந்து பறந்துதான் இறங்குவேன் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்ட மனிதர் டோலியில் இறங்கினார். நான் நடந்தேன். டோலிக்காரர் முன்கழியைச் சுமந்தார். கேலி பேசாமல் அவர் டோலி தூக்கி நான் பார்த்தது அன்றுதான். காரவள்ளியில் டோலியை இறக்கிவைத்து, பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டோலிக்காரர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. மனசு அறுக்குது."

"கேளுங்க."

"நாங்க எல்லாரும் சேந்து மேட்டுல வைக்கல் போட்டமுங்க. கீழ்க்கோடி ஊட்டுலயும் இன்னும் கொஞ்சம் கெடந்துது. நேரம் பத்தலீன்னு உட்டுட்டமுங்க." "அதையும் கொண்டாந்து போட்டிருந்தா ஒடைஞ்சிருக்காதுங்களா? புள்ளை பொழைச்சிருக்குமுங்களா?"

அத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்த சாபம் எல்லாம் என் வாய்வரைக்கும் வந்தது. என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய அந்த முதுகையும், அதில் நான் அடித்த இடத்தையும் பார்த்தேன்.

"இல்லீங்கண்ணா" என்றேன். "அன்னிக்குக் காத்து. மேல இருந்தே காத்து இழுத்துட்டுது. நீங்க வைக்கல் போடலீன்னா இவரும் பொழைச்சிருக்க மாட்டாருங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து, பெருங்குரலெடுத்து அழுதார். என் கணவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்ததும் டோலிக்காரர்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்தார்.